கவராயம் காட்டிய தூரம்

கண்டிச் சீமையில் காப்பி இருந்தது என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. ஆதியிலிருந்தே தேயிலைதான் என்று நினைக்கிறார்கள். என் வயதுள்ள நீங்கள் நம்புவீர்கள். காப்பி பூத்த மறுநாள் காலையில் மலை முழுவதும் வெள்ளையாகக் கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வாசனையில் தலை வலித்ததும் நினைவிருக்கும். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது ஒரு பழப் பருவத்தைப் பற்றி. இடம், மடுல்கெல்லப் பக்கத்தில் ஒரு தோட்டம். கண்டிக்கு அப்போது ரயில் வரவில்லை. எனக்கு ஒன்பது வயது, அல்லது பத்து. பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. பிற்காலத்தில் என் கணவர் நடத்திய வாரப் பத்திரிகைக்கு முப்பது ஆண்டு மெய்ப்புப் பார்த்தேன். கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்லாத செய்தியை நாங்கள் அச்சுக்கு விட்டதில்லை. இதில் பெரும்பாலும் கண்டது. கேட்டதைக் கேட்டது என்றே சொல்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து நாலு பேராகப் புறப்பட்டோம் என்பது கேட்டது. தொண்டியில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக நடை. தம்புள்ளைக்கு முன்னால் ஒரு குளக்கரையில் அம்மா உட்கார்ந்தாள். மறுபடி எழுந்திருக்கவில்லை. வாந்திபேதி. எங்களைக் கூட்டிவந்த கங்காணி கூட்டத்தை நிறுத்தவில்லை. அப்பா மட்டும் பின்தங்கி, கையாலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையாலும் மண்ணைத் தோண்டிவிட்டு, மறுநாள் கூட்டத்தைப் பிடித்தார். அதன் பிறகு என்னை இடுப்பில் வைத்து நடந்தவள் அக்கா. அவளுக்கு எட்டு வயது. அம்மா என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த முகம் அவளுடையதுதான்.

பதினாறு வயதில் அக்காவைத் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, தன் கைக்குழந்தைக்கு ஆயாவாக வைத்துக்கொண்டார். பிறகு, உடம்பு சரியில்லை என்று சீமைக்குப் போனபோது அவளையும் கூட்டிப்போனார். அடுத்த பூ பூக்கும் முன்னே திரும்பிவிடுவோம் என்று சொன்னார். பூ பூத்தது, காய்த்தது, பழுத்தது. அவர்கள் வரவில்லை.

அப்பா தோட்டத்தின் தப்பால்காரர். துரையின் கடிதங்களைத் தோல் பையில் போட்டுக்கொண்டு விடியலில் புறப்படுவார். வத்தேகம வழியாக இறங்கி, மகாவலியைத் தோணியில் கடந்து, பொழுது சாயும்போது கண்டித் தபால் கந்தோரில் பையைக் கொடுப்பார். மறுநாள் வந்திருக்கும் கடிதங்களோடு மலை ஏறுவார். ஒரு நாள் லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தால் இரண்டு நாள் ரோட்டில் இருப்பார். அந்த இரண்டு நாளும் எனக்கு எதிர்க் காம்பராப் பெரியம்மா கஞ்சி ஊற்றுவாள். கஞ்சியோடு பேச்சும் கிடைக்கும்.

"ஒங்கக்கா இப்ப சப்பாத்துப் போட்டுக்கிட்டு மேசையில உக்காந்து திங்கிறாளாம். திரும்பி வந்தா ஒன்னய யாருன்னு கேப்பா பாரு."

"கேக்க மாட்டா."

"கேக்காட்டிச் சரிதான். குடி."

பெரியம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு ஆறு பிள்ளைகள். ஆறு பேரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு குடிப்பது எனக்குப் பிடிக்காது. குவளையை எடுத்துக்கொண்டு ஆபீசுப் பக்கம் போய்விடுவேன்.

ஆபீசில் கணக்கப்பிள்ளை இருப்பார். யாழ்ப்பாணத்துக்காரர். குடும்பம் ஊரில், அவரும் தனி ஆள்தான். நான் வாசற்படியில் உட்கார்ந்தால் விரட்டமாட்டார். அங்கே சுவரில் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று எங்கள் தோட்டத்தின் பிளான். மற்றது உலகப்படம். துணியில் ஒட்டி, மேலும் கீழும் உருட்டுக் கட்டை வைத்தது. கடல் வெளுத்த நீலம். ஈரத்தில் ஒரு மூலை பூத்துப்போயிருந்தது. அக்கா போன ஊரைக் கணக்கப்பிள்ளை ஒரு நாள் காட்டினார். ஸ்காட்லாந்தில், எடின்பரோ. அன்றிலிருந்து அந்தப் படம்தான் எனக்குத் துணை. அக்கா எங்கே என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரலை வைத்தால் போதும்.

"பிள்ளை, நீ தொட்டுத் தொட்டு அந்த ஊரைத் தேய்ச்சுப்போட்டாய்," என்பார் அவர். "துரை வந்து என்ரை ஊர் எங்கை எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல?"

"நான் எடுத்துட்டேன்னு சொல்லுங்க."

"ஓம், சொல்லுறன். பிறகு ரெண்டு பேருமாய் யாழ்ப்பாணத்துக்கு ஓடுவம்."

அவரிடம் பித்தளைக் கவராயம் ஒன்று இருந்தது. பிளானின் அடியில் ஒரு அளவுகோல் வரைந்திருக்கும். கவராயத்தின் இரு முனைகளை அந்தக் கோலில் வைத்து விரித்து, அப்படியே பிளான்மீது அடிமேல் அடி வைத்து நடத்திப் போவார். பழ ஸ்டோரிலிருந்து ஆற்றுக்கு இத்தனை சங்கிலி நீளம், ஆற்றிலிருந்து ஏழாம் நம்பர் மலை இத்தனை சங்கிலி. புது வாய்க்கால் வெட்டும்போதெல்லாம் அவர் சொன்ன கணக்கு ஒரு தடவையும் பிழைக்கவில்லை. ஆட்கள் நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்துப் பார்ப்பார்கள். சரியாக இருக்கும். எங்கள் லயத்தில் சாமி வந்து ஆடுபவர் சொன்னதைக்கூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தக் கவராயத்தை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அக்காவின் முதல் கடிதம் ஆவணி மழையில் வந்தது. காப்பி ஸ்டோர் காலியாக இருந்த மாதங்களில் உபதேசியார் ஒருவர் வந்து எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்காவும் நானும் அங்கேதான் படித்தோம். ஆகவே எழுதியது அவள் கை, வாசித்தது என் வாய். விஷயம் இதுதான். துரைசாணி இந்த வருஷம் திரும்பமாட்டார். ஆனால் வேறொரு குடும்பம் மார்கழியில் கொழும்புக்குக் கப்பல் ஏறுகிறது. அவர்களுக்கு ஆயா வேண்டும். கப்பல் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து புறப்படும். அக்கா தனியாக அந்தத் துறைமுகம் வரை போய்ச் சேர வேண்டும். போகலாம் என்று அப்பா எழுதினால்தான் துரைசாணி விடுவார்.

அப்பா கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நானும் போனேன்.

"ஐயா, புள்ள எழுதியிருக்கா. அந்த ஊருக்கும் அந்தக் கப்பத்தொறைக்கும் எம்புட்டுத் தூரமுன்னு பாத்துச் சொல்லுங்க."

"படம் இருக்கு, கவராயம் இருக்கு. அதுக்கு ஏன் இப்பிடி நிக்கிறாய்? பிள்ளை, ஊரைக் காட்டு. உனக்குத்தான் கண்ணை மூடினாலும் தெரியுமே."

நான் காட்டினேன். லிவர்பூலை அவர் கண்டுபிடித்தார். உலகப்படத்தின் அடியிலும் ஒரு அளவுகோல் இருந்தது. அதன் மிகச் சிறிய பிரிவு ஒரு நெல்மணி நீளம். அந்த அளவுக்குக் கவராயத்தை விரித்து, எடின்பரோவில் ஒரு முனையை ஊன்றி நடத்தினார்.

"மூண்டு. மூண்டுக்கும் கொஞ்சம் கூட."

"மூணுன்னா எனக்கு என்னாங்க வெளங்கும்? நாங்க நடந்து வந்த தூரத்த இதே மாதிரி அளந்து காட்டுங்க."

கணக்கப்பிள்ளை திருச்சினாப்பள்ளி என்று எழுதிய புள்ளிக்குச் சற்றுக் கீழே ஒரு முனையை வைத்தார். அங்கிருந்து கடலைத் தாண்டிக் கண்டி வரை வந்தார்.

"ரெண்டரை."

"திருப்பி ஒருக்கா அளங்க ஐயா."

"ரெண்டரைதான். நீயே எண்ணிப் பார்."

கவராயத்தின் முனைகள் தாளில் சிறு துளைகள் போட்டிருந்தன. அப்பா குனிந்து விரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். கடலுக்கு இந்தப் பக்கம், மன்னாருக்கும் கண்டிக்கும் நடுவில், நகத்தைச் சிறிது நேரம் எடுக்கவில்லை.

"அப்ப எங்க நடைய விடக் கூட."

"கூடத்தான்."

"அதுல தனியா போகணும்."

"அங்கை ரயில் எண்டு ஒண்டு ஓடுதாம். பேப்பரிலை வாசிச்சனான்."

"ரயிலா? கடுகண்ணாவையில ரயிலுக்கு மலைய வெட்டப் போனவங்க எத்தன பேரு திரும்பி வந்தாங்க? எங்க லயத்துலயே மூணு காம்பரா பூட்டிக் கெடக்குங்க."

எங்களில் யாரும் ரயிலைப் பார்த்ததில்லை. ரயில் என்றால் காய்ச்சல் என்றுதான் லயத்தில் பொருள்.

அன்று மாலை அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மாவ நெனச்சுக்க, தனியா எங்கயும் போகாத, தொரசாணி வர்றப்ப அவங்களோட வா. உபதேசியார் கற்றுத்தந்த முறையில் அதை நல்ல தமிழாக்கி எழுதினேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பிறகு பழப் பருவம் வந்தது. பிள்ளைகளுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் கூடை கட்டிவிட்டார்கள். பழத்தின் தோலை உதட்டால் பிதுக்கினால் வழவழவென்று ஒரு இனிப்பு வரும். அதை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைக் கூடையில் துப்புவோம். கங்காணி பார்த்தால் குட்டுவார். கை எந்நேரமும் பிசுபிசுத்தது. கால் விரலிடுக்கில் அட்டை. ஸ்டோருக்குக் கீழே ஓடிய ஆறு உரித்த தோலால் சிவந்து, புளித்த கள் போல நாறியது. மார்கழியில் ஒரு நாள் கணக்கப்பிள்ளை, "இண்டைக்கு உன்ரை அக்கா வர இருந்த கப்பல் வெளிக்கிட்டிருக்கும்," என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று என் கூடை நிறையவில்லை.

இங்கே ஒரு இருபது ஆண்டுக்குப் பின்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் இது சரியான இடமா என்று தெரியவில்லை. கடைசியில் வைக்க மனமில்லை.

இலைநோய் வந்து காப்பி அழிந்த காலத்தில் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுப் போனார்கள். அவர்களுடைய கட்டில், கதிரை, அலுமாரி, பியானோ எல்லாம் கண்டியில் ஏலத்துக்கு வந்தன. ஒரு ஏலத்தில் என் கணவர் பத்திரிகை ஆபீசுக்கு ஒரு அலுமாரி வாங்கினார். அதற்குள் பூகோள உருண்டை ஒன்று கிடந்தது. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நல்ல வேளையாக நசுங்கியது பசிபிக் சமுத்திரம்.

அன்று மத்தியானம் ஆபீசில் யாரும் இல்லை. நான் தையல் நூல் எடுத்து எடின்பரோவிலிருந்து லிவர்பூலுக்குப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். அதே நூலைப் புதுக்கோட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்டியை நோக்கி இழுத்தேன். முடிச்சு கண்டிக்கு வந்து சேரவில்லை. முக்கால் வழிகூட வரவில்லை. நூல் நழுவியிருக்கும் என்று மறுபடி பிடித்தேன். பிறகு நூலை வைத்துவிட்டு உருண்டையைப் பார்த்தேன். தெற்கிலிருந்து வடக்கே ஏறும் கோடுகள் எல்லாம் மேலே போகப்போக நெருங்கி, உச்சியில் ஒன்றாகிவிடுகின்றன. ஆபீசுச் சுவரில் இருந்த படத்தில் அந்தக் கோடுகள் உச்சிவரை தூண்கள் போல விலகியே நின்றன. உருண்டையைத் தாளில் விரிப்பதற்காக, வடக்கே இருந்த நாடுகளைப் பக்கவாட்டிலும் மேலேயும் இழுத்திருக்கிறார்கள். அடியில் போட்ட அளவுகோல் பூமியின் இடுப்புப் பக்கத்துக்கு, அதாவது நம் பக்கத்துக்கு, சரி. அக்கா இருந்த பக்கத்தில் அது ஒன்றை ஏறக்குறைய இரண்டாகக் காட்டும். தோட்டப் பிளானில் ஒரே கோல் தாள் முழுவதற்கும் பொருந்தும். கணக்கப்பிள்ளை பழகியது அதில். உலகத்தையும் ஒரு தோட்டமாக அளந்துவிட்டார். அவர் செய்த பிழை அவ்வளவுதான்.

இதைச் சொல்ல அப்பா அப்போது இல்லை. கணக்கப்பிள்ளையும் ஊரோடு போய்விட்டார். துரை தோட்டத்தை விற்றுப் போனபோது விலாசம் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அக்காவிடமிருந்து வந்த கடிதங்கள் மொத்தம் இரண்டு.

இரண்டாவது கடிதம் மாசியில் வந்தது. பறிப்பு முடிந்து, உலர்த்தும் களத்தில் கொட்டை பரப்பியிருந்தார்கள். நாங்கள் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா அன்று மலை ஏறி வந்த வேகத்திலேயே, பையைக்கூட ஆபீசில் கொடுக்காமல், கடிதம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே களத்துக்கு வந்தார். அங்கேயே வாசிக்கச் சொன்னார்.

"அப்பா, அந்தக் குடும்பத்தை வழியனுப்பத் துரைசாணியம்மா என்னையும் லிவர்பூலுக்குக் கூட்டிப்போனார்கள். விடியலில் ரயிலில் ஏறினோம். விளக்கு வைக்கும் நேரத்தில் இறங்கிவிட்டோம். ஒரு பகல் வழிதான். நடக்க வேண்டியதே இல்லை, உட்கார்ந்தே போகலாம். எனக்குப் பயம் இல்லை. ஆனியில் இன்னொரு குடும்பம் புறப்படுகிறது. இந்த முறை சரி என்று எழுதுங்கள். தங்கச்சிப் பாப்பாவுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிடச் சொல்லுங்கள்."

பெரியம்மாதான் முதலில் சிரித்தாள்.

"ஒரு பகலாமுல்ல. அப்ப நம்ம தப்பால்காரரு கண்டிக்குப் போற மாதிரி காலையில போயி, நாளைக்குக் கூட்டிட்டு வந்துருவாரு. சோத்த மூடி வைங்கடி."

களமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எனக்குக் கோபம் வந்தது. ஒரு பகல் வழி என்றால் எனக்குத் தெரிந்தது கண்டி. அப்பா அந்த வழியைப் போய் வந்துகொண்டுதான் இருந்தார். அவ்வளவு பக்கமாக இருந்துகொண்டா இத்தனை மாதம் வரவில்லை? துறைமுகத்துக்குப் பிறகு கப்பல் இருக்கிறது, கடல் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. கவராயத்தின் மூன்று அடி என்று நினைத்திருந்த வரையில் அவள் வராததை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

அப்பா மறுபடி ஆபீசுக்குப் போனார். கணக்கப்பிள்ளை கடிதத்தைத் தானே ஒரு தரம் வாசித்துவிட்டுக் கவராயத்தை எடுத்தார். அவசரப்படவில்லை. முனைகள் பழைய துளைகளிலேயே இறங்கின.

"தூரம் மாறுமோ? மூண்டுதான்."

"ஒரு பகல்னு எழுதியிருக்காளே ஐயா."

"அதைத்தான் யோசிக்கிறன். இஞ்ச பார். கண்டியிலையிருந்து கொழும்புக்குக் கோச்சு வண்டி விடியப் புறப்பட்டுப் பின்னேரம் போய்ச் சேருது. குதிரையை எத்தினை இடத்திலை மாத்துறாங்கள். அந்தத் தூரம் இதிலை ஒரு அடியுமில்லை, முக்கால். முக்காலுக்கு ஒரு பகல் எண்டால், மூண்டு எப்பிடி ஒரு பகலிலை முடியும்?"

"அப்ப எம் மக பொய்யா சொல்றா?"

"பொய் எண்டு சொல்லாதை. வர ஆசைப்பட்ட பிள்ளை தூரத்தைக் குறைச்சுத்தான் எழுதும். நானும் என்ரை மனுசிக்கு அப்பிடித்தான் எழுதிறனான்."

கணக்கப்பிள்ளை கவராயத்தை மடக்கினார். என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பிள்ளை. இந்தப் படத்தை என்னைவிட உனக்குத் தெரியும். எத்தினை?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்கள் என்னிடம் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மூணு," என்றேன்.

காம்பராவில் விளக்கேற்றும் முன்பே எழுத உட்கார்ந்தோம். நான் பேனாவை மையில் தொட்டுத் தொட்டு உலரவிட்டேன்.

"பொய்னு போட்டுறாத," என்றார் கடைசியில். "மனசு ஒடஞ்சிரும். கணக்கப்பிள்ளை ஐயா அளந்து பாத்தாரு, தூரம் சாஸ்தியா இருக்கு, பொறுத்து இரு ஆத்தா, அப்பா இருக்கேன், அப்புடின்னு எழுது."

எழுதினேன். தாளின் அடியில் இரண்டு வரி இடம் மிஞ்சியது.

"ஒனக்கு எதாச்சும் எழுதணும்னா எழுதிக்க."

அக்காவுக்கு நானாக எழுத அதுவரை இடம் மிஞ்சியதில்லை. நான் எழுதினேன்: "அக்கா, பொய் சொல்லாதே. இங்கே படம் இருக்கிறது."

"என்னா எழுதுன?"

"நல்லா இருக்கச் சொல்லி எழுதினேன்."

அப்பா தாளை வாங்கி, எழுத்து உலர்ந்ததா என்று ஊதிப் பார்த்து, மடித்தார். என் தலையைத் தடவினார். பிறகு நினைவு வந்தவராய் எண்ணெய்க் குப்பியை எடுத்து உச்சியில் வைத்துவிட்டார். அக்கா வைப்பது போல இல்லை; காதில் வழிந்தது.

மறுநாள் விடியலில் கடிதம் தோல் பைக்குள் போனது. வார் இறுகிய பிறகுதான் நான் எழுதிய அந்த வரி நினைவுக்கு வந்தது. நான் வாசலுக்கு வந்து நின்றேன். அன்று பனி இல்லை. எங்கள் லயத்திலிருந்து கண்டிக்கு இறங்கும் பாதை மலைச் சரிவில் வளைந்து வளைந்து, ஒவ்வொரு வளைவிலும் எங்கள் வாசலுக்கு நேர் கீழேயே திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் அப்பாவின் தலைப்பாகை தெரிந்தது. தோளில் பை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலேயே அவர் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.